வினையா, வரலாறா? அயோத்திதாசப் பண்டிதரின் வாழ்வை மீண்டும் வாசித்தல்

சென்ற மழைக்காலத்தில் பீளமேட்டில் கல்லூரி மாணவர்கள் சிலரோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. இட ஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதிச் சிக்கல் என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, ஒரு மாணவியின் கேள்வியால் திசை மாறியது. அவருடைய அம்மிச்சி தூய்மைப் பணியாளர். விடியுமுன்பே அவிநாசி சாலையோரம் துடைப்பத்தோடு நிற்பவர். இந்த வேலை ஏன் நமக்கு மட்டும் என்று பேத்தி கேட்கும்போதெல்லாம், போன சென்மத்தில் செய்த பாவத்தை இந்தச் சென்மத்தில் கூட்டித் தள்ளுவதாகச் சொல்லிச் சிரித்துவிடுவாராம். அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது என்பதே மாணவியின் கேள்வி.

ஒரு முதியவரின் பேச்சு என்று இதைத் தள்ளிவிட இயலாது. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் சொற்பொழிவாற்ற வந்த ஒருவர், உடற்குறையோடும் வறுமையோடும் பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பயன் என்று மாணவியர் முன்னிலையில் பேசினார். அவரை அந்த இடத்திலேயே எதிர்த்துக் கேட்டவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர். பின்னர் பேச்சாளர் கைது செய்யப்பட்டார். ஆனால் அவர் பேசியது அவராகக் கண்டுபிடித்த கருத்தன்று. நல்லொழுக்கம் உடையோர் மேல்வருணத்துக் கருப்பையை அடைவர், தீயொழுக்கம் உடையோர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பர் என்று சாந்தோக்கிய உபநிடதம் வரிசைப்படுத்துகிறது. சண்டாளர் எந்த வரிசையில் வைக்கப்பட்டுள்ளனர் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வரிசைதான் சாலையோரத்தில் நிற்கும் ஒரு மூதாட்டியின் சிரிப்புவரை வந்து சேர்ந்திருக்கிறது.

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்த ஒருவர் இதே மேற்கு மண்டலத்திலிருந்து புறப்பட்டவர். அன்று மாணவர்களிடம் நாம் அவரைப் பற்றித்தான் பேசினோம். பேசியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

அயோத்திதாசப் பண்டிதர் 1845 மே 20 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பிறந்த ஊர் கோவை மாவட்டம் என்பாரும் சென்னை ஆயிரம் விளக்கு என்பாரும் உண்டு. இளமை நீலகிரியில் கழிந்தது என்பதில் இரு தரப்பாருக்கும் வேறுபாடில்லை. அந்நாளில் நீலகிரி தனி மாவட்டமன்று. 1868இல் பிரிக்கப்படும்வரை கோவை மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்திருந்தது. ஆகவே அவரைக் கொங்கு நாட்டார் தம்மவர் என்று உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை. உரிமை கொண்டாடுவோர்தாம் இங்கே குறைவு.

பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்னும் ஆங்கில அதிகாரியிடம் சமையற்பொறுப்பில் இருந்தவர். அவர் தம் வீட்டில் இருந்த திருக்குறள், நாலடி நானூறு முதலிய ஓலைச்சுவடிகளை அந்தத் துரையிடம் கொடுத்தார் என்றும், அவை எல்லிஸ் துரை கைக்குச் சென்றன என்றும் பேரன் பிற்காலத்தில் எழுதினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரின் வீட்டுப் பரணில் குறள் இருந்தது என்பது அவருக்கு வெறும் குடும்பப் பெருமையன்று. ஏடு வைத்திருந்த குடி எப்படி ஏட்டைத் தொடக்கூடாத குடி ஆயிற்று என்ற வினா அதில் அடங்கியிருந்தது. முற்பிறவியைச் சொல்லி அதற்கு விடை கூற முடியாது. சுவடி இருந்தது இப்பிறவியில், பாட்டன் காலத்தில்.

சிறுவன் காத்தவராயனுக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராயர். அவர்மீது கொண்ட மதிப்பால் மாணவர் ஆசிரியரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். சமற்கிருதம், பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் அவருக்குப் பயிற்சி இருந்தது. சித்த வைத்தியம் அவருக்குப் பிழைப்பாக மட்டும் இருக்கவில்லை, சிந்திக்கும் முறையாகவும் ஆயிற்று என்றே நாம் கருதுகிறோம். நோயாளி வந்தால் வைத்தியர் நாடி பார்க்கிறார்; என்ன உண்டாய், எத்தனை நாளாக இந்த வலி, குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார். முற்பிறவி ஒழுக்கத்தை விசாரித்து மருந்து கொடுப்பதில்லை.

ஆனால் தொடக்கத்தில் அவர் நம்பிய தத்துவம் வேறு. 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை ஒன்றை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் தத்துவத்துக்கு இணங்கினால், தீண்டாமைக்கு அதில் இடம் எங்கே இருக்க முடியும் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அதே ஆண்டுகளில் மலைக்குக் கீழே என்ன நடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. கோவையும் சேலமும் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்கள். நிலமற்ற கூலிகளும் பண்ணையாட்களுமே முதலில் விழுந்தனர். 1877இல் நிவாரண வேலையில் கல் உடைத்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி அளவைக் குறைத்தார். வானம் பொய்த்தது உண்மை. ஆயினும் மழை பெய்யாததற்கும் பசியால் சாவதற்கும் இடையில் ஓர் உத்தரவு இருந்தது, ஒரு தானியக் கிடங்கு இருந்தது, நிலம் யாரிடம் என்ற கணக்கும் இருந்தது. விதி என்ற ஒரு சொல் இம்மூன்றையும் பார்வையிலிருந்து மறைத்துவிடும்.

கோவை நகரிலேயே மற்றொரு காட்சி. அயோத்திதாசரின் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூர்க் கலாசாலையில் படித்தவர். ஏறத்தாழ 400 மாணவரில் 10 பேர் தவிர ஏனையோர் பிராமணர் என்று 1939இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவர் பதிவு செய்துள்ளார். தம் சாதி தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் மற்ற மாணவரோடு நெருங்கிப் பழகாமல் ஒதுங்கியிருந்தார். வெளியே எங்கேனும் இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்பே வகுப்புக்குள் நுழைந்தார். வகுப்பு முடிந்ததும் எவரும் உடன் வந்துவிடாதபடி விரைந்து நடந்தார். பீளமேட்டில் இதைச் சொன்னபோது அறை அமைதியானது. விடுதியில் ஊர்ப் பெயர் கேட்கப்படும்போது பக்கத்து நகரத்தின் பெயரைச் சொல்லித் தப்பும் வழக்கம் அங்கிருந்த சிலருக்குப் புதிதன்று. அந்த நடையின் வேகத்துக்குக் காரணம் சீனிவாசனின் முற்பிறவியா, அந்தக் கலாசாலையின் நடப்பா என்பதை மாணவர்களுக்கு விளக்க வேண்டிய தேவை நமக்கு ஏற்படவில்லை.

அயோத்திதாசர் அரசியலுக்கு வந்தது இந்தப் பின்னணியில்தான். சாதியற்ற திராவிடர், பூர்வத் தமிழர் என்ற பெயர்களால் தம் மக்களைக் குடிக்கணக்கில் பதிய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1891 டிசம்பர் 1 அன்று உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். இழிபெயரிட்டு அழைப்போரைத் தண்டிக்கச் சட்டம், பிள்ளைகளுக்குக் கல்வியும் உதவித்தொகையும், தகுதியுடையோருக்கு அரசு வேலை, பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் நீரெடுக்கும் உரிமை முதலியவை அங்கே கோரப்பட்டன. சிறை விதிகளில் சாதி பார்த்து இழிவேலை ஒதுக்கும் பிரிவை நீக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இதை வாசிக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிவழி வேலைப் பகிர்வு செல்லாது என்று அளித்த தீர்ப்பை நினைவுகூர்வார்கள். இடையில் கழிந்தவை 133 ஆண்டுகள்.

அத்வைதத்தின் மீதிருந்த நம்பிக்கை முறிந்தது 1892இல். சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபைக் கூட்டம் நடந்தது. நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் எழுந்து, விஷ்ணு கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் தம் மக்கள் ஏன் நுழையக்கூடாது என்று கேட்டார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. தஞ்சையைச் சேர்ந்த சிவராம சாஸ்திரி என்பவர், உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் உண்டு, சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் அல்லர் என்னும் பொருளில் பதில் கூறினார். அப்படியானால் அந்தத் தெய்வங்கள் எமக்கு வேண்டா என்று அயோத்திதாசர் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் ஏழைகளுக்குத் தரிசு நிலமும் கேட்டார். இந்த வரிசை மாற்றம் நமக்கு முக்கியமானது. கோயில் கேட்டு வந்தவர் பள்ளியும் நிலமும் கேட்டுவிட்டுத் திரும்பினார். பிரம்மம் ஒன்று என்று நூலில் படித்தவருக்கு, மண்டபத்தில் அது ஒன்றாக இல்லை என்பது நேரில் தெரிந்தது.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு அயோத்திதாசரும் கிருஷ்ணசாமியாரும் இலங்கைக்குச் சென்றனர். கொழும்பில் சுமங்கல நாயக தேரர் அவர்களுக்குப் பஞ்சசீலம் அளித்தார். திரும்பி வந்ததும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனத் தமிழ்க் கூலிகள் போன இடங்களிலெல்லாம் அதன் கிளைகள் முளைத்தன.

ஆல்காட்டின் உதவியை நாம் மறுக்கவில்லை. பஞ்சமர் பள்ளிகள் அவருடைய கொடை. ஆயினும் பிரம்மஞான சபையின் கொள்கையில் கர்மமும் மறுபிறவியும் மையத் தூண்கள். அச்சபையின் தலைவராக ஆல்காட்டுக்குப் பின் வந்த அன்னி பெசன்ட், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை மேல்வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்தக்கூடாது என்று 1909இல் எழுதினார். அவர்களது உடலே தலைமுறை தலைமுறையாகக் கெட்டுப்போனது என்பது அவர் வாதம். உயிர்கள் படிப்படியாக ஏறி வருகின்றன என்று நம்புவோருக்கு, கீழ்ப்படியில் நிற்பவனை அங்கேயே நிறுத்திவைக்க ஒரு காரணம் எளிதில் கிடைத்துவிடுகிறது.

1907 ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் இதழ் வெளிவந்தது. ஓராண்டு கழித்துத் தமிழன் என்று பெயர் சுருங்கியது. வாரம் தவறாமல் அரசியல், வைத்தியம், இலக்கண ஆராய்ச்சி, கேள்வி பதில், வரலாறு என்று அவர் எழுதிக் குவித்தவற்றுள் இந்திரர் தேச சரித்திரம் தலையாயது. ஐம்பொறிகளை வென்ற புத்தருக்கே இந்திரர் என்று பெயர். அவர் பெயரால் வழங்கியதே இத்தேசம். இங்கே குடிகள் தொழிலால் வேறுபட்டிருந்தார்களேயன்றிப் பிறப்பால் உயர்வு தாழ்வு பெறவில்லை. பின்னர் வேடமணிந்து புகுந்தோர் அறத்தலைவர்களின் இடத்தைப் பற்றிக்கொண்டனர். அந்த வேடத்தை ஊரறியப் பறைந்தோர், அதாவது வெளிப்படச் சொன்னோர், பறையர் என்று இழிவுபடுத்தப்பட்டனர். இதுதான் அவர் கட்டியெழுப்பிய கதையின் சுருக்கம்.

இதிலுள்ள சொல்லாராய்ச்சிகளை இன்றைய வரலாற்று அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. நாமும் வரிக்கு வரி அதை வரலாறாகக் கொள்ளவில்லை. ஆனால் அது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். துன்பத்துக்குக் காரணம் முற்பிறவியில் இருந்தால் எவரும் அதைச் சென்று பார்க்க முடியாது; சாட்சி இல்லை, ஆவணம் இல்லை, மேல்முறையீடும் இல்லை. காரணம் முற்காலத்தில் இருந்தால் கல்வெட்டைத் தேடலாம், சுவடியைப் புரட்டலாம், சொல்லின் வேரைத் தோண்டலாம், தவறென்றால் மறுக்கவும் செய்யலாம். காலம் பின்னோக்கித்தான் செல்கிறது, ஆனால் பிறவியைத் தாண்டவில்லை. குற்றவாளியும் இடம் மாறிவிடுகிறான். முதற்கதையில் பாதிக்கப்பட்டவனே குற்றவாளி.

இதே கண்ணோடு அவர் மக்கள் விரும்பிக் கேட்ட கதைகளையும் வாசித்தார். அரிச்சந்திரன் கதையைப் பொய்க் கதை என்று தனி நூலாகவே எழுதி மறுத்தார். சத்தியம் தவறாத மன்னன் ஒருவன் படக்கூடிய துன்பங்களின் உச்சம், சுடுகாட்டுப் பறையனுக்கு அடிமையாவது என்று அக்கதை அமைக்கப்பட்டிருக்கிறது. விடிய விடியக் கூத்துப் பார்க்கும் ஊர் மன்னனுக்காக அழுகிறது. சோதனை முடிந்ததும் மன்னன் அரண்மனைக்குத் திரும்பிவிடுகிறான். அந்தச் சுடுகாட்டிலேயே பிறந்து அங்கேயே பிணம் எரிக்கும் குடும்பத்துக்குச் சோதனை எப்போது முடியும் என்று அக்கதை கேட்பதில்லை. இன்றும் நம் ஊர்ச் சுடுகாடுகளில் அரிச்சந்திரன் கல் நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் வெட்டியானின் பெயரைப் பிணத்தோடு வந்த எத்தனை பேர் கேட்டறிந்திருப்பார்கள்?

நந்தன் கதையும் அவ்வாறே. தில்லைக்குள் நுழைய நந்தன் தீயில் மூழ்கிப் புதுமேனியோடு எழ வேண்டியிருந்தது. அடுத்த பிறவிக்குக் காத்திருக்கும் வேலையைக்கூடத் தீ மிச்சப்படுத்திவிட்டது. அயோத்திதாசர் அந்தப் புராணத்தை ஏற்காமல், நந்தன் ஒரு பௌத்த அரசன், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன் என்று எழுதினார். மாரியம்மனைக்கூட அம்பிகை என்னும் பௌத்தப் பெண்துறவியின் நினைவாகவே அவர் விளக்கினார். கொள்ளைநோய்க்கு அஞ்சிய தலைமுறை எழுப்பிய பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கும் கோவையில், அந்த விளக்கத்தை நினைத்துப் பார்ப்பது நன்று. சினங்கொண்டு நோயைத் தரும் தெய்வம் அவர் எழுத்தில் அறம் போதிக்கும் பெண்ணாகிறாள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அயோத்திதாசரை நாத்திகராகவோ வினைக்கொள்கையை அடியோடு எறிந்தவராகவோ காட்டுவது நேர்மையாகாது. 1912இல் வெளிவந்த புத்தரது ஆதிவேதம் பௌத்த மரபின் சொற்களாகிய வினை, பிறவி, நிருவாணம் ஆகியவற்றோடுதான் இயங்குகிறது. அவர் மறுத்தது பிறப்பால் சாதி வாய்க்கும் என்ற கணக்கை. செயலுக்கு விளைவுண்டு என்பதை அவர் கைவிடவில்லை, ஒழுக்கத்தின் அடிப்படையாகவே வைத்துக்கொண்டார். சென்னையில் அவர் காலத்தவரான பேராசிரியர் இலட்சுமி நரசு, பௌத்தத்தின் சாரம் பற்றி 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலில் இதைவிடக் கறாரான பகுத்தறிவு நிலையை எடுத்தார். நரசு, சிங்காரவேலர் முதலியோருக்கும் அயோத்திதாசருக்கும் இடையே உரசல்களும் இருந்தன. நரசுவின் நூலுக்கு 1948இல் முன்னுரை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். அவரது புத்தரும் அவர் தம்மமும் 1957இல், அவர் மறைவுக்குப் பின், வெளிவந்தபோது கேள்வி இன்னும் கூர்மையடைந்திருந்தது. ஆன்மா இல்லை என்ற புத்தர், முற்பிறவி வினையை ஆன்மா சுமந்து வருகிறது என்று எப்படிச் சொல்லியிருப்பார் என்று அம்பேத்கர் வினவினார். ஏழையின் நிலைக்கு ஏழையின் பழவினையே காரணம் என்றால் சமூகத்துக்கும் அரசுக்கும் பொறுப்பே இல்லாமற் போகும் என்பதையும் சுட்டினார்.

இனி, நமக்கே சங்கடமான பகுதி. கேள்வி கேட்ட மாணவி அருந்ததியர். கொங்கு மண்டலத்தில் ஒடுக்கப்பட்டோருள் பெரும்பகுதியினர் அருந்ததியரே. அயோத்திதாசரின் வரலாற்றில் அவர்களுக்கு மரியாதையான இடம் இல்லை. பஞ்சமர் என்ற பொதுப்பெயரின் கீழ்ப் பறையரைச் சக்கிலியர், குறவர், வில்லியர், தோட்டி ஆகியோரோடு சேர்ப்பதை அவர் எதிர்த்தார். வீழ்த்தப்பட்ட பௌத்தர் ஒருபுறம், இயல்பிலேயே தாழ்ந்தோர் மறுபுறம் என்ற பிரிவினை அவர் எழுத்துகளில் இருக்கிறது. இதைக் காலத்தின் குறை என்று சொல்லித் தாண்டிச் செல்ல நமக்கு மனமில்லை. ஒருவரின் இழிவுக்குக் காரணம் வரலாறு என்றால், மற்றவரின் இழிவுக்குக் காரணம் மட்டும் இயல்பு என்று எப்படி ஆகும்? இயல்பு என்ற சொல் அங்கே கர்மத்தின் வேலையைத்தான் செய்கிறது. தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உட்பிரிவு ஒதுக்கீடு செல்லும் என்றது. இவற்றுக்காகப் போராடியோர், தங்கள் துன்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைத் தாங்களே நிறுவ வேண்டியிருந்தது. அயோத்திதாசர் கற்றுத்தந்த முறையை அயோத்திதாசருக்கு எதிராகவும் பயன்படுத்தித்தான் அதைச் செய்ய முடியும். மாணவர்களிடம் இதை மறைக்காமல் சொன்னோம்.

தம் கடைசிக் காலத்தில் அயோத்திதாசர் குறளுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். அதைத் திரிபிடகத்தின் வழிவந்த திரிக்குறள் என்றே அழைத்தார். பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்ந்து செல்பவனையும் காட்டும் குறளுக்கு, முன்செய்த அறத்தின் பயன் இவ்விருவரிடமும் கண்கூடு என்னும் போக்கில் பரிமேலழகர் கொண்ட பொருளே நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. அந்த நூலைப் பாதுகாத்த குடும்பத்தின் பேரன், அதைப் பழைய உரைகளின் பிடியிலிருந்து மீட்க முனைந்தார். 1914 மே 5 அன்று அவர் மறைந்தபோது 55 அதிகாரங்களுக்கே உரை முடிந்திருந்தது.

மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பிறகு கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 1926இல் தமிழனை மீண்டும் எழுப்பினார். சுரங்கத் தொழிலாளர் நடத்திய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களைச் சிறு வெளியீடுகளாக அச்சிட்டுக் காத்தது. பூமிக்கடியில் தங்கம் வெட்டியோர்தாம் அவரை நமக்கு மிச்சம் வைத்தவர்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் 1999இல் வெளிவந்தது. அவர் இறந்து 85 ஆண்டுகளுக்குப் பிறகு.

அத்தொகுப்பின் முதல் பகுதியைப் பீளமேட்டு மாணவி அன்றே நம்மிடம் இரவல் பெற்றுச் சென்றார். அம்மிச்சிக்குப் படித்துக் காட்டப்போவதாகச் சொன்னார். சக்கிலியர் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் வரும்போது நம்மோடு சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்க்கிறோம். புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.